மழை பெய்தால் இன்டர்நெட் போய்விடுகிறது, ரவுட்டரை மாற்ற வேண்டுமா?

அலஸ்தோட்டம் அக்கா:
வணக்கம். எங்கள் ஒழுங்கைக்கு இன்னும் ஃபைபர் வரவில்லை, பழைய டெலிபோன் லைனில் வரும் இன்டர்நெட்தான். ஐப்பசி மழை தொடங்கியதிலிருந்து கனெக்‌ஷன் போய்ப் போய் வருகிறது. மகள் உயர்தரம் படிக்கிறாள், பின்நேரம் சூம் வகுப்பு. சேர் கணக்கைப் பாதி விளங்கப்படுத்தும்போது படம் அப்படியே நின்றுவிடும், திரும்ப வரும்போது அவர் அடுத்த கணக்கில் நிற்பார். ரவுட்டரை ஓஃப் பண்ணி ஓன் பண்ணினால் கொஞ்ச நேரம் சரி. கடையில் புது ரவுட்டர் வாங்கச் சொல்கிறார்கள், விலை கேட்டால் யோசனையாக இருக்கிறது. ரவுட்டர் ஹோலில், மகள் பின் அறையில், நடுவில் இரண்டு சுவர்.

சாம்பல்தீவான்:
அக்கா, இப்போதைக்கு ஒன்றும் வாங்க வேண்டாம். அடுத்த முறை நிற்கும்போது ரவுட்டரின் விளக்குகளைப் பாருங்கள். எல்லா விளக்கும் ஒன்றாக அணைந்து திரும்ப எரிந்தால் கரண்ட் அல்லது அடாப்டர் பிழை. டிஎஸ்எல் விளக்கு (டெலிபோன் லைனில் இன்டர்நெட் வருகிறதா என்று காட்டுவது) மட்டும் மினுங்கத் தொடங்கினால் லைன் பிழை. விளக்கெல்லாம் ஒழுங்காக எரிந்தும் ஃபோனில் மட்டும் வரவில்லையென்றால் வைஃபையைச் சந்தேகிக்கலாம், அதற்கு லப்டொப்பை ரவுட்டரில் வயரால் கொழுவிப் பார்த்தால் முடிவு தெரிந்துவிடும்.

கொட்டியாரக்கரை:
அந்தப் பக்கம் விருந்தினர் விடுதிகள் நிறைய, ஒவ்வொன்றிலும் இரண்டு மூன்று வைஃபை ஓடும். ரவுட்டரின் 2.4 கிகாஹேர்ட்ஸ் வைஃபை ஓடும் சனலை, அதாவது அலைவரிசையை, 1, 6, 11 இல் நெரிசல் குறைந்த ஒன்றுக்கு மாற்றிப் பாருங்கள். இடையில் இருக்கும் சனல்கள் பக்கத்துச் சனலோடு முட்டும்.

அலஸ்தோட்டம் அக்கா:
தம்பி சொன்னபடி பார்த்தேன். டிஎஸ்எல் விளக்குதான் மினுங்குகிறது, மற்றது எதுவும் அணையவில்லை. வயரில் கொழுவினாலும் அதே கதை. இன்னொன்று, மழை நேரம் டெலிபோனை எடுத்தால் கரகரவென்று இரைகிறது.

திருக்கடலூர் ஐயா:
பிள்ளை, அந்தக் கரகரப்புத்தான் விடை. ரவுட்டரில் பிழை இல்லை, லைனில் எங்கோ ஒரு மூட்டில் தண்ணீர் இறங்குகிறது. கடற்கரைப் பக்கம் உப்புக்காற்றில் செம்புக் கம்பி பச்சை பூத்துப்போகும், டெலிபோன் சொக்கட்டின் மூடியைக் கழற்றினால் திருகாணியைச் சுற்றி அந்தப் பச்சைத் தூள் தெரியும். வெயிலில் எப்படியோ சமாளிக்கும், ஈரம் பட்டதும் இரைச்சல் கூடி ரவுட்டர் லைனைக் கைவிட்டுவிட்டுத் திரும்பப் பிடிக்கும்.

முதலில் வீட்டுக்குள்ளேயா வெளியிலா என்று பிரிக்க வேண்டும். குசினி, அறை என்று இழுத்த டெலிபோன் எக்ஸ்டென்‌ஷன் வயர்கள் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, லைன் வீட்டுக்குள் வரும் முதல் சொக்கட்டில் ரவுட்டரை மட்டும் கொழுவுங்கள், ஸ்பிளிட்டரும் (டெலிபோனுக்கும் ரவுட்டருக்கும் லைனைப் பிரிக்கும் சின்னப் பெட்டி) வேண்டாம். அப்புறம் பிரவுசரில் 192.168.1.1 போட்டு உள்ளே போனால் எஸ்என்ஆர் மார்ஜின் என்று ஒரு எண் இருக்கும் (சில ரவுட்டரில் முகவரி வேறு, அடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைப் பாருங்கள்). இரைச்சலைத் தாண்டி லைனில் எவ்வளவு இடம் மிச்சம் என்பதுதான் அது. 6 டெசிபெல்லுக்குக் கீழே இறங்கினால் லைன் நிலைக்காது. வெயிலில் ஒரு முறை, மழையில் ஒரு முறை குறித்து வையுங்கள்.

முறைப்பாடு கொடுக்கும்போது "இன்டர்நெட் ஸ்லோ" என்று சொல்லாதீர்கள், ரவுட்டரை ரீசெட் பண்ணச் சொல்லி வைத்துவிடுவார்கள். "டெலிபோனில் இரைச்சல், மழைக்குக் கூடுகிறது" என்று சொல்லி முறைப்பாட்டு இலக்கத்தைக் கேட்டு வாங்குங்கள். இரைச்சல் என்றால் லைன் பார்க்க ஆள் வரத்தான் வேண்டும்.

அலஸ்தோட்டம் அக்கா:
நன்றி ஐயா. எக்ஸ்டென்‌ஷனைக் கழற்றிப் பார்த்தோம், மழைக்கு அப்போதும் மார்ஜின் 4க்கு இறங்குகிறது, வெயிலில் 11. அப்படியென்றால் வெளியில்தான் பிழை, இல்லையா? முறைப்பாடு கொடுத்து இலக்கமும் வாங்கிவிட்டேன்.

திருக்கடலூர் ஐயா:
வெளியில்தான். ஆள் வந்தால் தூணிலிருந்து வரும் வயரையும் கூரை ஓரத்து மூட்டையும் காட்டுங்கள். மூட்டில் வெறும் டேப் சுற்றிவிட்டுப் போக விட வேண்டாம், அடுத்த மழைக்குத் திரும்ப வரும். பழைய நுனியை வெட்டிவிட்டு ஈரம் இறங்காமல் உள்ளே ஜெல் நிரப்பிய கனெக்டர் போடச் சொல்லுங்கள். இடி மின்னல் தொடங்கும் முன்பே கரண்ட் பிளக்கோடு டெலிபோன் வயரையும் கழற்றி வையுங்கள், மின்னல் அந்த வயராலும் வரும்.