தமிழில் நேருக்கு நேர் பேசிப் பழக ஒரு குழு தேவை

வணக்கம். கோலாலம்பூர் செந்தூலில் இருக்கிறேன். வயது 34. கூட்டத்தின் முன் நின்றால் எனக்குப் பேச்சு வருவதில்லை.

ஒன்றரை வருடமாக வாரம் இரண்டு இரவு ஜூமில் பேசிப் பழகுகிறேன். திரையில் ஏழு நிமிடம் தடுமாறாமல் பேசுவேன். அங்கே பலர் பொறுமையாகத் திருத்தித்தான் என் உச்சரிப்பு இந்த அளவுக்கு வந்தது, அதை மறக்க மாட்டேன். ஆனால் போன மாதம் அக்கா மகள் நிச்சயதார்த்தத்தில் மைக் கைக்கு வந்ததும் நாக்கு ஒட்டிக்கொண்டது. கையிலிருந்த தாள் நடுங்கிய சத்தம் மைக்கிலேயே கேட்டது. அப்பா தலை குனிந்தது இன்னும் கண்ணில் நிற்கிறது.

கண்ணாடி முன் பேசினேன், காணொளி எடுத்துப் பார்த்தேன், மூச்சுப் பயிற்சியும் செய்தேன். திரையில் யாருடைய கண்ணும் நம் கண்ணை நேராகச் சந்திப்பதில்லை. குறை அங்கேதான் என்று படுகிறது.

மேடைப் பேச்சுப் பழகும் டோஸ்ட்மாஸ்டர்ஸ் மன்றத்தின் கூட்டம் ஒன்றுக்கும் விருந்தினராகப் போனேன். தயாரிப்பில்லாமல் எழுந்து ஓரிரு நிமிடம் பேசவைக்கும் 'டேபிள் டாப்பிக்ஸ்' பகுதி எனக்கு அப்படியே பொருந்தும். ஆனால் அங்கே முழுக்க ஆங்கிலம்.

இன்னும் மூன்று மாதத்தில் கல்யாணம், மறுபடி என்னைத்தான் பேசச் சொல்லியிருக்கிறார்கள். செந்தூல் அல்லது பிரிக்பீல்ட்ஸ் பக்கம், ஞாயிறு காலையிலோ வார நாளில் இரவு 8 மணிக்கு மேலோ, தமிழில் நேரில் கூடிப் பேசிப் பழகும் குழு ஏதும் உங்களுக்குத் தெரியுமா?