உதடு குறுகுறுக்கும்போதே மருந்து: உதட்டுக் கொப்புளத்தோடு என் அனுபவம்

பள்ளி நாட்களிலிருந்தே எனக்கு இந்தக் கொப்புளம் வருகிறது. காய்ச்சல் விட்டதும் வரும், தேர்வு நேரத்தில் வரும், நாள் முழுக்க வெயிலில் அலைந்தாலும் வரும். எப்போதும் கீழுதட்டின் இடது ஓரம், அதே இடம். உடம்புச் சூடு என்று நினைத்தே பல வருடம் ஓட்டிவிட்டேன்.

செய்யாத வைத்தியம் இல்லை. பற்பசை தடவினேன். கொப்புளம் வற்றியது போலத் தெரிந்தது, ஆனால் சுற்றியிருந்த தோல் வெந்து உரிந்தது. எலுமிச்சைச் சாறு பட்டதும் கண்ணில் தண்ணீர் கொட்டியது, வேறு பலன் இல்லை. அரிப்புக்கு வாங்கி வைத்திருந்த ஸ்டீராய்டு களிம்பைத் தடவியதுதான் பெரிய தவறு. புண் மூக்கின் கீழ்வரை பரவிய பிறகே டாக்டரிடம் ஓடினேன்.

இது ஹெர்பிஸ் சிம்ப்ளெக்ஸ் வைரஸால் வருவது என்றார். பெரும்பாலும் சின்ன வயதிலேயே உடம்புக்குள் வந்து, முகத்து நரம்பின் வேர்முடிச்சில் தூங்கிக் கிடக்குமாம். உடம்பு தளரும்போது அதே நரம்பு வழியாகத் திரும்பி வருவதால்தான் அதே இடம். எந்த மருந்தும் அதை அடியோடு அழிக்காது. அசைக்ளோவிர் என்ற வைரஸ் எதிர்ப்பு மருந்தும் அது பெருகுவதைத்தான் தடுக்கும். அதனால் குறுகுறுப்பு தொடங்கிய சில மணி நேரத்துக்குள் பூச வேண்டும். கொப்புளம் உடைந்த பிறகு பூசுவதில் பெரிய பயன் இல்லை.

இப்போது 5% அசைக்ளோவிர் களிம்பு எப்போதும் என் பையில் இருக்கும். ஒரு நாளைக்கு ஐந்து முறை, ஐந்து நாள். களிம்பு மாயம் செய்யாது, ஒரு நாள் முன்னதாக ஆறும், அவ்வளவுதான். அடிக்கடி வருபவர்கள் வாலாசைக்ளோவிர் மாத்திரை பற்றி டாக்டரிடம் கேளுங்கள். 12 மணி நேர இடைவெளியில் இரண்டே வேளை, எனக்கு அது களிம்பைவிட நன்றாகக் கேட்டது. சிறுநீரகக் கோளாறு இருந்தால் அளவு மாறும், சொல்லிவிட வேண்டும்.

வீட்டு வைத்தியத்தில் நான் விடாதவை மூன்று. துணியில் சுற்றிய ஐஸ் வலியைக் குறைக்கும். பொருக்கு வெடிக்காமல் இருக்க வாசலின். வெயிலில் போனால் எஸ்பிஎஃப் 30 உள்ள லிப் பாம். இந்தக் கடைசி ஒன்றுக்குப் பிறகு வருவதே குறைந்திருக்கிறது.

பதில்:
அக்கா, நீங்கள் சொன்ன குறுகுறுப்பு எனக்கும் உண்டு, அதை நான் கவனித்ததே இல்லை. என் குழந்தைக்கு இருபது நாள் ஆனபோது எனக்குக் கொப்புளம் வந்தது. பச்சிளங்குழந்தைக்குத் தொற்றினால் உயிருக்கே ஆபத்து என்று டாக்டர் சொன்னதும் நடுங்கிப்போனேன். பொருக்கு முழுதாக உதிரும்வரை முத்தமே கொடுக்கவில்லை. களிம்பு பூசியதும் கை கழுவிவிட்டுத்தான் தூக்குவேன். வீட்டில் சின்னக் குழந்தை இருப்பவர்கள் தயவுசெய்து இதை லேசாக எடுக்காதீர்கள்.

பதில்:
எனக்கு வாயின் இரண்டு ஓரமும் வெடிக்கும். இதேதான் என்று நினைத்து அசைக்ளோவிர் பூசிக்கொண்டே இருந்தேன், ஆறவில்லை. ரத்தப் பரிசோதனையில் இரும்புச்சத்துக் குறைவு. மாத்திரை தொடங்கிய பிறகுதான் சரியானது.

முதல் பதிவர்:
நல்லவேளை சொன்னீர்கள். இன்னொன்று விட்டுப்போயிற்று. கொப்புளம் இருக்கும்போது கண் சிவந்து வலித்தால் அன்றைக்கே கண் டாக்டரிடம் போய்விடுங்கள், அதே வைரஸ் கருவிழியைக் கெடுத்துவிடும். பத்து நாளாகியும் ஆறத் தொடங்காவிட்டாலும் காட்டுங்கள்.