ஃப்ரிட்ஜ் சென்சாரா, போர்டா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

வணக்கம் நண்பர்களே. எங்கள் வீட்டு டபுள் டோர் ஃப்ரிட்ஜில் கீழே வைக்கிற பால், கீரை, தக்காளி எல்லாம் உறைந்துபோகின்றன, கம்ப்ரசர் நிற்பதே இல்லை. அம்மாவின் இன்சுலினும் இதில்தான் இருந்தது. அது 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும், ஒருமுறை உறைந்துவிட்டால் தூக்கிப் போட வேண்டியதுதான். இப்போதைக்குப் பக்கத்து வீட்டில் கொடுத்து வைத்திருக்கிறோம்.

வந்த மெக்கானிக் மீட்டரைக் கையில் எடுக்காமலே போர்டு (ஃப்ரிட்ஜைக் கட்டுப்படுத்தும் எலக்ட்ரானிக் பலகை) போய்விட்டது என்கிறார். எனக்கு மனம் ஒப்பவில்லை. ஃப்ரிட்ஜுக்குள் வெப்பநிலையை அளக்கிற சென்சார்கள் என்டிசி வகை, குளிரக் குளிர மின்தடை ஏற வேண்டும். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, கீழ்ப்பக்க சென்சாரின் கனெக்டரைக் கழற்றி, ஐஸ் மிதக்கிற தண்ணீரில் முனையை நன்றாக ஊறவிட்டு மல்டிமீட்டரில் பார்த்தால் 12 கிலோ ஓம், கொஞ்ச நேரத்தில் 9, மறுபடி 11 என்று ஆடுகிறது. அதே தண்ணீரில் ஃப்ரீசர் சென்சார் 29-ல் அசையாமல் நிற்கிறது. அப்படியென்றால் உள்ளே ஈரம் இறங்கி, சூடாக இருப்பதாகப் போர்டுக்குத் தப்பாகச் சொல்கிறது என்றுதானே அர்த்தம்?

ஃப்ரீசரிலிருந்து கீழே குளிர்காற்று வரும் வழியைத் திறந்து மூடுகிற டேம்பர் திறந்தபடியே சிக்கினாலும் கீழே உறையும் என்பதால் அதையும் பார்க்க வேண்டுமா? அப்புறம், கடையில் கிடைக்கிற பொதுவான 10 கிலோ ஓம் (25 டிகிரியில் உள்ள அளவு) சென்சார் போடலாமா, பீட்டா மதிப்பு (வெப்பநிலை மாறும்போது மின்தடை எவ்வளவு வேகமாக மாறும் என்பதைக் காட்டும் எண்) வேறாக இருந்தால் எவ்வளவு டிகிரி தப்பும்? ஒயர் ஒட்டுப் போட்ட இடத்தில் ஈரம் புகாமல் இருக்க என்ன செய்வீர்கள்? செய்து பார்த்தவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்.