இறங்கும்போது கருவியே தப்பாகக் காட்டினால் பைலட்டுக்கு எப்படித் தெரியும்?

ஜன்னலோரம்:
சமீபத்தில் நான் வந்த விமானம் தரையைத் தொடப்போகிற நேரத்தில் சட்டென்று மறுபடி மேலே ஏறிவிட்டது. கொஞ்ச நேரம் கழித்து, "வழிகாட்டும் சிக்னலில் சின்னக் குழப்பம், திரும்ப ஒருமுறை வருகிறோம்" என்று மட்டும் கேப்டன் சொன்னார். பத்திரமாகத்தான் இறங்கினோம். ஆனால் மேகத்துக்குள் வெளியே ஒன்றும் தெரியாது, கருவியை நம்பித்தான் வருகிறார்கள், அந்தக் கருவியே தப்பு என்றால் எதை வைத்துக் கண்டுபிடிப்பார்கள்? சிவப்பு விளக்கு ஏதாவது எரியுமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள், பயமுறுத்தாமல் சொன்னால் புண்ணியமாகப் போகும்.

பழைய ரேடியோ:
சிக்னல் அடியோடு போய்விட்டால் திரையில் எச்சரிக்கை வந்துவிடும், அது பெரிய பிரச்சினையே இல்லை. எல்லாம் சரி என்று காட்டிக்கொண்டே தப்பு செய்வதுதான் ஆபத்து.

ஐ.எல்.எஸ். என்பது ரேடியோ சிக்னலை வைத்து இறங்கும் முறை, அதில் ஓடுபாதை பக்கத்திலிருந்து இரண்டு சிக்னல் வரும். இடம் வலம் பார்க்க லோக்கலைசர், இறங்கும் சரிவுக்கு கிளைட் ஸ்லோப். சரிவு பெரும்பாலும் 3 டிகிரி. கிளைட் ஸ்லோப் அலையில் 90 ஹெர்ட்ஸ், 150 ஹெர்ட்ஸ் என்று இரண்டு தொனிகள் ஏற்றியிருப்பார்கள், சரிவுக்கு மேலே இருந்தால் ஒன்று அதிகம், கீழே இருந்தால் மற்றது அதிகம், இரண்டும் சமமானால் காக்பிட் கருவியில் ஊசி நடுவில் நிற்கும். சரி, அந்த வித்தியாசத்தை உண்டாக்கும் பகுதி மட்டும் தரையில் பழுதாகிவிட்டால்? எங்கே பறந்தாலும் இரண்டும் சமம். ஊசி நடுவிலேயே நிற்கும், எச்சரிக்கையும் வராது.

2000 ஜூலையில் சமோவாவின் ஆப்பியா விமான நிலையத்தில் இதேதான் நடந்தது. ஏர் நியூசிலாந்தின் போயிங் 767, இரவு நேரம். தரையில் டிரான்ஸ்மிட்டர் பைபாஸ் நிலையில் விடப்பட்டிருந்ததால் பழுது வந்தும் தானாக நிற்கவில்லை. ஊசி நடுவிலேயே இருக்க, விமானம் ஓடுபாதைக்கு 5 மைலுக்கும் மேலே பாக்கி இருக்கும்போதே 400 அடிக்குக் கீழே வந்துவிட்டது. தூரக் கணக்கு ஒத்துவரவில்லை, வெளியே தெரிந்த விளக்குகளும் இருக்க வேண்டிய இடத்தில் இல்லை. உடனே கோ-அரவுண்ட், அதாவது இறங்காமல் மறுபடி மேலே ஏறிவிட்டார்கள். ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

உங்கள் கேள்விக்குப் பதிலும் அதுதான், தூரத்தையும் உயரத்தையும் ஒப்பிட்டுப் பார்ப்பது. 3 டிகிரிச் சரிவில் ஒரு கடல் மைலுக்குச் சுமார் 320 அடி. 5 மைலில் 1600 அடி இருக்க வேண்டிய இடத்தில் 500 காட்டினால், ஊசி என்ன சொன்னாலும் சரி, மேலே ஏறிவிட வேண்டியதுதான்.

மூடுபனி:
அண்ணன் சொன்ன கணக்கில் ஒரு ஓட்டை இருக்கிறது. அந்த உயரமே தப்பாக இருந்தால்?

உயரமானி காற்றழுத்தத்தை வைத்துத்தான் உயரம் சொல்லும், அந்த இடத்து அழுத்த எண்ணைத் தரையிலிருந்து வாங்கி பைலட் செட் செய்ய வேண்டும். 2022 மே மாதம் பாரிஸ் சார்ல்ஸ் டி கால் நிலையத்தில் 1001 ஹெக்டோபாஸ்கல் (காற்றழுத்த அலகு) என்பதற்குப் பதில் 1011 என்று கட்டுப்பாட்டாளர் சொல்லிவிட்டார். ஒரு ஹெக்டோபாஸ்கலுக்கு ஏறக்குறைய 28 அடி என்றால் 10-க்கு 280 அடி, உயரமானி அவ்வளவு அதிகமாகக் காட்டும். அன்று அந்த ஏர்பஸ் ஏ320 விமானம் ஐ.எல்.எஸ்.ஸில் வரவில்லை, அழுத்த உயரத்தை வைத்தே சரிவைக் கணக்கிடும் முறையில் வந்தது. அதனால் தூரத்தோடு ஒப்பிட்டாலும் எல்லாம் அழகாகப் பொருந்தும், ஏனென்றால் இரண்டு பக்கமும் அதே தப்பு எண்! மழையில் ஓடுபாதை தெரியாமல் கோ-அரவுண்ட் செய்தார்கள், அப்போது தரையிலிருந்து மிகக் குறைந்த உயரம் 6 அடி. ஓடுபாதைக்கு இன்னும் கிட்டத்தட்ட ஒரு மைல் பாக்கி. கட்டுப்பாட்டு அறையில் தாழ்வுயர எச்சரிக்கை அடித்தது, விமானத்துக்குள் அடிக்கவில்லை.

ஜன்னலோரம்:
பயமுறுத்தாதீர்கள் என்றுதானே கேட்டேன் 😅 ஜி.பி.எஸ். இருக்கும்போது இந்தப் பழைய ஊசியெல்லாம் எதற்கு?

பழைய ரேடியோ:
மூடுபனி சொன்னது சரிதான், தம்பி. அந்த இடத்தில் ரேடியோ உயரமானிதான் கைகொடுக்கும், அது நேரே தரையை அளக்கும். அதற்காக அதையும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப முடியாது. 2009-ல் ஆம்ஸ்டர்டாம் அருகே துருக்கி விமானம் விழுந்ததற்குத் தொடக்கமே இடப்பக்க ரேடியோ உயரமானி மைனஸ் 8 அடி காட்டியதுதான். எஞ்சின் விசையைத் தானாகக் கட்டுப்படுத்தும் ஆட்டோத்ராட்டில், தரை வந்துவிட்டது என்று விசையைக் குறைத்துவிட்டது, வேகம் விழுந்ததை மூன்று பேர் இருந்த காக்பிட்டில் நேரத்தோடு யாரும் கவனிக்கவில்லை. 9 பேர் இறந்தார்கள்.

இரவுப்பணி:
ஜி.பி.எஸ். பற்றி: சுமார் 20,000 கி.மீ. தூரத்திலிருந்து வருகிற பலவீனமான சிக்னல் அது, ஏமாற்றுவது சுலபம். 2023-க்குப் பிறகு போர் நடக்கும் பகுதிகளைச் சுற்றிப் போலி சிக்னலால் விமானம் வேறெங்கோ இருப்பதாகக் காட்டுவது வாடிக்கையாகிவிட்டது. அப்படிக் கெட்டுப்போன தகவலை வைத்துக்கொண்டு தரை எச்சரிக்கைக் கருவி காரணமே இல்லாமல் "புல் அப்" (மேலே ஏற்று) என்று கத்தும். அப்போது ஜி.பி.எஸ். தேவைப்படாத அந்தப் பழைய ஐ.எல்.எஸ்.தான் கைகொடுக்கிறது.

அப்புறம், உங்கள் விமானத்தில் என்ன ஆனது என்று இங்கே உட்கார்ந்துகொண்டு சொல்ல முடியாது. முன்னால் போன விமானம் லோக்கலைசர் ஆன்டெனா பக்கம் கடந்தால் சிக்னல் சற்று நேரம் ஆடும், 2011-ல் மியூனிக்கில் ஒரு போயிங் 777 அப்படித்தான் இறங்கும்போது ஓடுபாதையை விட்டு விலகிப் புல்வெளிக்குப் போனது. ஊசி ஆடுவதைப் பார்த்து உங்கள் கேப்டன் மேலே ஏறியிருந்தால், செய்ய வேண்டியதைத்தான் செய்திருக்கிறார்.