மொரியோகாவில் கொமாச்சியும் ஹயபுசாவும் பிரிவது ஏன்?

கேள்வி:
வணக்கம். டோக்கியோவிலிருந்து அகிதாவுக்குக் கொமாச்சி என்னும் ஷின்கான்சென் (ஜப்பானின் அதிவேக) ரயிலில் செல்ல இருக்கிறேன். அது ஹயபுசா என்னும் மற்றொரு ரயிலுடன் இணைந்து ஓடி, மொரியோகா நிலையத்தில் பிரிவதாக அறிந்தேன். அங்கே நான் பெட்டி மாற வேண்டுமா? இப்படி இணைத்துப் பிரிப்பதற்குக் காரணம் என்ன?

மறுமொழி 1:
மாற வேண்டியதில்லை. ஆனால் டோக்கியோவிலேயே உங்கள் பயணச்சீட்டில் உள்ள பெட்டியில் ஏறிவிடுங்கள். 1 முதல் 10 வரையிலான பச்சை நிறப் பெட்டிகள் ஹயபுசா, 11 முதல் 17 வரையிலான சிவப்பு நிறப் பெட்டிகள் கொமாச்சி. இரண்டின் நீண்ட மூக்குகளும் நடுவே முட்டி நிற்பதால், உள்ளே நடந்து ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போக வழியே கிடையாது. மொரியோகாவில் முன்னால் இருக்கும் கொமாச்சி முதலில் கிளம்பும். ஹயபுசா சில நிமிடங்கள் கழித்து ஷின்-அவோமோரி பக்கம் செல்லும். திரும்பும் வழியில் ஹயபுசா முதலில் வந்து நிற்க, கொமாச்சி அதன் பின்னால் மெல்ல ஊர்ந்து வந்து இணையும். வாய்ப்பிருந்தால் நடைமேடையில் நின்று அதைப் பாருங்கள்; அத்தனை நேர்த்தியான வேலை அது.

மறுமொழி 2:
காரணத்தை நான் சொல்கிறேன். 1982 ஜூனில் டோக்கியோவுக்கு அருகிலுள்ள ஓமியாவுக்கும் மொரியோகாவுக்கும் இடையே தோஹோகு ஷின்கான்சென் என்னும் அதிவேகப் பாதை தொடங்கியது. அகிதாவுக்குத் தனியாக அதிவேகப் பாதை போடாமல், மலைகளைக் கடந்து செல்லும் பழைய தசாவாகோ பாதையின் தண்டவாள அகலத்தை 1,067 மில்லிமீட்டரிலிருந்து 1,435 ஆக மாற்றி, 1997 மார்ச் 22 அன்று கொமாச்சியை ஓடவிட்டார்கள். சுரங்கப்பாதைகளும் வளைவுகளும் பழையபடியே இருந்ததால் பெட்டிகள் ஒடுக்கமானவை; பெரிய நிலையங்களில் நடைமேடை இடைவெளியை நிரப்பக் கதவடியில் ஒரு படி நீளும். மொரியோகாவுக்குத் தெற்கே மணிக்கு 320 கிலோமீட்டர் வரை பறக்கும் அதே ரயில், மேற்கே திரும்பியதும் 130-ஐத் தாண்டாது. டோக்கியோ–ஓமியா இடையே ஜோயெத்சு, ஹொகுரிகு என்னும் வேறு ஷின்கான்சென் பாதைகளின் ரயில்களும் அதே தடங்களைப் பகிர்வதால், இரு ரயில்களை ஒன்றாக ஓட்டினால் ஒரு ரயிலுக்கான கால இடைவெளி மிச்சமாகிறது. என் பார்வையில் இதுவே முதன்மையான காரணம். வழியிலுள்ள ஓமகாரி நிலையத்தில் ரயில் திசை மாறுவதால், அகிதா வரை பின்னோக்கி அமர்ந்திருப்பீர்கள்.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. ஓடும்போதே இணைப்பு விடுபட்டதாகவும் செய்தி படித்தேன். அது உண்மையா?

மறுமொழி 3:
உண்மைதான். 2024 செப்டம்பர் 19 அன்று ஃபுருகாவா–செந்தாய் இடையிலும், 2025 மார்ச் 6 அன்று உவேனோ–ஓமியா இடையிலும் அவ்வாறு நேர்ந்தது. இரு முறையும் அவசர நிறுத்தி தானாகவே இயங்கி இரு ரயில்களும் நின்றன, எவருக்கும் காயமில்லை. இரண்டாம் நிகழ்வுக்குப் பின் இணைத்து ஓட்டுவதைச் சில நாட்கள் நிறுத்திவைத்து, பிரிக்கும் பொறி தவறுதலாக இயங்காதபடி உலோகத் தடுப்புப் பொருத்திய பிறகே மீண்டும் தொடங்கினார்கள்.