தரம் 3 மகன்: கணக்குத் தெரியும், வசனக் கணக்கு வந்தால் நின்றுவிடுகிறான். என்ன செய்யலாம்?

கொக்குவில் அம்மா:

எல்லோருக்கும் வணக்கம். மகன் தரம் 3 படிக்கிறான். முதலாம் தவணைச் சோதனை முடிந்து வினாத்தாள் கையில் வந்திருக்கிறது. கூட்டல், கழித்தல் எல்லாம் சரி. கடைசிப் பக்கத்தில் இப்படி ஒரு கணக்கு: "வியாபாரி ஒருவரிடம் 45 மாங்காய்கள் இருந்தன. காலையில் 18 மாங்காய்களையும் மாலையில் 9 மாங்காய்களையும் விற்றார். எஞ்சியவை எத்தனை?" இவன் மூன்றையும் கூட்டி 72 என்று எழுதியிருக்கிறான்.

அதே கணக்கை வீட்டில் வாயால் சொல்லிப் பார்த்தேன். "கடைக்காரரிட்ட 45 மாங்காய் இருந்தது. காலமை 18 வித்தவர், பின்னேரம் 9 வித்தவர். இனி எத்தனை மிச்சம்?" கொஞ்ச நேரம் விரலை மடக்கிவிட்டு 18 என்றான். சரியான விடை!

தமிழ்ப் புத்தகத்தில் வகுப்பில் படித்த பாடம் என்றால் கடகடவென்று வாசிக்கிறான். படிக்காத பக்கத்தைத் திருப்பிக் கொடுத்தால் ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டுகிறான். வசனத்தின் முடிவுக்கு வரும்போது தொடக்கம் மறந்துபோகிறது. கொ, கோ, கௌ மூன்றிலும் தடுமாற்றம்.

நான் வேலை முடிந்து வீட்டுக்கு வர ஐந்து மணியாகிவிடும். இவனின் அப்பா வெளிநாட்டில். வீட்டில் அம்மம்மாதான் துணை. பின்னேரம் ஒரு ரியூசனுக்குப் போகிறான், அங்கே கரும்பலகையைப் பார்த்து எழுதுவதுதான் வேலை. இப்போதே புலமைப்பரிசில் வகுப்புக்கு மாற்று, பிந்தினால் இடம் கிடைக்காது என்று அயலில் சொல்கிறார்கள். இரவில் ஒரு மணித்தியாலம் என்னால் அவனோடு இருக்க முடியும். அதை எப்படிப் பயன்படுத்தலாம்?

பருத்தித்துறை அப்பா:

தங்கச்சி, மற்றது எல்லாவற்றுக்கும் முதல் கண்ணைக் காட்டுங்கள். எங்கள் மகளும் எழுத்து மாறி எழுதினாள், வரி விட்டு வாசித்தாள். யாழ் போதனா வைத்தியசாலைக் கண் கிளினிக்கில் காட்டியபோதுதான் தூரப்பார்வைக் குறைவு தெரிந்தது. கண்ணாடி போட்ட பிறகு கரும்பலகையில் இருப்பதைச் சரியாகப் பார்த்து எழுதுகிறாள். உங்கள் மகனுக்கு அது இல்லாமலும் இருக்கலாம். ஆனாலும் பார்த்துவிட்டால் ஒரு சந்தேகம் தீரும்.

சாவகச்சேரி ரீச்சர்:

பிள்ளை, நான் ஆரம்பப் பிரிவில் படிப்பித்து ஓய்வு பெற்றவள். உங்கள் கேள்விக்குப் பாதி விடையை நீங்களே கண்டுபிடித்து எழுதியிருக்கிறீர்கள். வாயால் சொன்னபோது அவன் 18 என்று சொன்னான் அல்லவா? அப்படியென்றால் 18ஐயும் 9ஐயும் சேர்த்து 45இலிருந்து எடுக்க வேண்டும் என்பது அவனுக்கு விளங்குகிறது. கணக்கில் குறை இல்லை. வாசிப்புத்தான் அவனை மறிக்கிறது. வசனம் விளங்காத பிள்ளை கண்ணில் படும் இலக்கங்களையெல்லாம் எடுத்துக் கூட்டிவிடும். அது எல்லா வகுப்பிலும் நடப்பது, அதற்காக அவனை ஏசாதீர்கள்.

வசனக் கணக்குக்கு ஒரு வழி சொல்கிறேன். இலக்கங்களைச் சிறு கடதாசித் துண்டுகளால் மறைத்துவிட்டு, கதையை மட்டும் வாசிக்கச் சொல்லுங்கள். "வியாபாரியிடம் மாங்காய்கள் இருந்தன. காலையில் கொஞ்சம், மாலையில் கொஞ்சம் விற்றார்." பிறகு புத்தகத்தை மூடி, என்ன நடந்தது என்று அவன் வீட்டில் கதைக்கிற மாதிரியே சொல்லட்டும். மாங்காய் கூடினதா, குறைந்ததா என்று கேளுங்கள். அவன் "குறைஞ்சது" என்ற பிறகு துண்டுகளை எடுங்கள். ஒரு இரவுக்கு இரண்டு கணக்குப் போதும்.

"எஞ்சியவை என்று வந்தால் கழி, மொத்தம் என்று வந்தால் கூட்டு" என்று மட்டும் சொல்லிக் கொடுக்காதீர்கள். ரியூசன்களில் இது நிறைய நடக்கிறது, எனக்குக் கொஞ்சமும் உடன்பாடில்லை. "தம்பிக்கு 5 இனிப்புக் கொடுத்த பின் ராணியிடம் 12 எஞ்சின. தொடக்கத்தில் எத்தனை இருந்தன?" என்று கேட்டால் அந்தப் பிள்ளை 12இலிருந்து 5ஐக் கழித்து 7 என்று எழுதும். விடை 17.

இனி வாசிப்பு. படித்த பாடத்தில் ஒரு வரியை எடுத்து, கடைசிச் சொல்லிலிருந்து பின்னோக்கி வாசிக்கச் சொல்லுங்கள். அதில் தடுமாறினால் பாடத்தை மனப்பாடம் பண்ணி வைத்திருக்கிறான் என்று அர்த்தம். எழுத்துகள் 247 என்றதும் பெற்றோர் பயப்படுகிறார்கள். அகரம் தவிர்ந்த பதினொரு உயிருக்கான குறிகள் பிடிபட்டால் உயிர்மெய் முழுவதும் வந்துவிடும். கு, சு, மு என்று உகர, ஊகார வரிசைகள்தான் எழுத்துக்கு எழுத்து உரு மாறும். அவற்றுக்கு மட்டும் தனிப் பயிற்சி வேண்டும்.

கொ, கோ தடுமாற்றத்துக்குக் காரணம் உண்டு. குறி எழுத்தின் இரண்டு பக்கமும் நிற்கிறது. பிள்ளை இடமிருந்து வலமாகப் பார்க்கிறது. முன்னால் கொம்பைக் கண்டதும் வாய் "கெ" என்று தொடங்கிவிடும், பின்னால் கால் வந்ததும் குழம்பும். கௌவில் பின்னால் நிற்பது "ள" மாதிரியே இருப்பதால் இன்னும் குழப்பம். கொப்பியில் மெய்க்குரிய எழுத்தை நீலத்திலும் இரண்டு பக்கக் குறிகளைச் சிவப்பிலும் பெரிதாக எழுதுங்கள். வாய் திறக்கும் முன் சிவப்பு இரண்டு பக்கமும் இருக்கிறதா என்று பார்க்கப் பழகட்டும். அவன் சாப்பிடும் சொற்களையே கொடுங்கள்: தொதல், தோசை, கொழுக்கட்டை, கோழி, பொரியல், சோறு. கௌவை அவசரப்படுத்த வேண்டாம், அந்த வரிசையில் சொற்கள் குறைவு.

அப்புறம், வேகம். நாலைந்து வசனம் உள்ள பகுதி ஒன்றை முதலில் நீங்கள் வாசியுங்கள், பிறகு இரண்டு பேரும் சேர்ந்து, கடைசியாக அவன் தனியே. அதே பகுதியை அடுத்த இரவுகளிலும் வாசித்துச் சரளமான பிறகு மாற்றுங்கள். பத்துச் சொல்லில் ஒன்றுக்கு மேல் முட்டினால் அது அவனுக்கு இன்னும் கடினம், எளிதான பக்கத்துக்கு வாருங்கள்.

இதை எல்லாவற்றையும் விட முக்கியமாக நான் நினைப்பது ஒன்று இருக்கிறது. நீங்கள் அவனுக்கு வாசித்துக் காட்ட வேண்டும். அம்மம்மா சொல்லும் கதையில் "போயிட்டான், வந்திட்டான்" என்று வரும். புத்தகத்தில் "சென்றுவிட்டான், வந்துவிட்டான்" என்று இருக்கும். காதுக்குப் பழக்கமில்லாத தமிழைக் கண்ணால் மட்டும் கூட்டிப் படித்தால் எப்படி விளங்கும்? அவனால் தனியே வாசிக்க முடியாத நீளமான கதைகளையும் படுக்கும் முன் வாசித்துக் காட்டுங்கள். யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் சிறுவர் பகுதி இருக்கிறது, ஒரு சனிக்கிழமை கூட்டிப் போய்ப் புத்தகத்தை அவனே தெரிவு செய்யட்டும். போனில் என்றால் ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்க் கதைகள் படிநிலை பிரித்து இலவசமாக இருக்கின்றன. சில சொற்கள் தமிழ்நாட்டு வழக்கு, அதை அங்கங்கே சொல்லிக் கொடுத்தால் போதும்.

புலமைப்பரிசில் வகுப்பு இப்போது வேண்டாம் என்பது என் முடிவான கருத்து. அது தரம் 5இல் வருகிற சோதனை. கேள்வியை வாசித்து விளங்காத பிள்ளைக்கு மாதிரி வினாத்தாள் எத்தனை கொடுத்தும் பயனில்லை.

கொக்குவில் அம்மா:

ரீச்சர், மிகவும் நன்றி. இன்று இலக்கத்தை மறைத்துச் செய்து பார்த்தேன். கதையைச் சொல்லி முடித்ததும் தானாகவே "அப்ப கழிக்கிறது" என்றான்! கண்ணையும் காட்டுகிறேன் அண்ணா.

இன்னும் ஒன்று கேட்க வேண்டும். அம்மம்மா வாய்ப்பாடு பாடமாக்கச் சொல்லி விடாப்பிடியாக நிற்கிறா. ஏழாம் வாய்ப்பாட்டைப் பாட்டு மாதிரிச் சொல்கிறான். ஆனால் இடையில் 7 × 6 என்று கேட்டால் ஓரேழு ஏழிலிருந்து தொடங்குகிறான். இது சரியா?

கோப்பாய் பயிலுநர்:

அக்கா, நான் கோப்பாய் ஆசிரியர் கலாசாலையில் பயிற்சியில் இருக்கிறேன். பாடமாக்குவது வீணில்லை, அம்மம்மாவைத் தடுக்க வேண்டாம். அதோடு இதையும் சேருங்கள். புளியங்கொட்டைகளை ஆறு வரிசை, வரிசைக்கு ஏழாக அடுக்குங்கள். அவனை எழும்பிப் பக்கவாட்டில் வந்து பார்க்கச் சொல்லுங்கள். இப்போது ஏழு வரிசை, வரிசைக்கு ஆறு. கொட்டை ஒன்றும் கூடவில்லை, குறையவில்லை. இது விளங்கினால் பாரம் பாதி குறையும். 1 முதல் 10 வரை வாய்ப்பாட்டில் 100 பெருக்கல் இருக்கிறது, திருப்பிப் போட்டால் ஒன்றாகிறவற்றைச் சேர்த்தால் 55தான். அதில் 1, 2, 5, 10 சேர்ந்தவை பிள்ளைகளுக்கு இலகுவாக வரும். அவற்றையும் எடுத்தால் மிஞ்சுவது 21 மட்டுமே.

7 × 6 மறந்தால் மேலிருந்து வர வேண்டியதில்லை. 7 × 5 = 35, இன்னொரு ஏழு, 42. தெரிந்த இடத்திலிருந்து தெரியாத இடத்துக்கு ஒரு அடி.

இன்னொன்று, அவன் முன்னால் "எனக்கும் சின்னனில கணக்கு ஓடாது" என்று யாரும் சொல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கணக்குக்குப் பயப்படும் பெற்றோர் வீட்டுப்பாடத்தில் அடிக்கடி உதவப்போனால், முதலாம், இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் அந்த வருடத்தில் குறைவாகவே கற்கிறார்கள் என்று சிக்காகோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2015இல் எழுதினார்கள். பயத்தைக் காட்டாமல் கொட்டை அடுக்கினால் போதும் அக்கா.

சாவகச்சேரி ரீச்சர்:

கோப்பாய்த் தங்கச்சி கொட்டை அடுக்கச் சொன்னது நல்ல யோசனை. அம்மம்மாவுக்கும் ஒரு வேலை கொடுங்கள். வீட்டுக்குப் பத்திரிகை வந்தால், இல்லாவிட்டால் சனசமூக நிலையத்தில், பெரிய தலைப்புகளை அவன் அவவுக்கு வாசித்துக் காட்டட்டும். உங்களுக்குப் பக்கத்துத் திருநெல்வேலிச் சந்தைக்குப் போகும்போது விலை கேட்டு, கொடுத்த காசில் மிச்சம் எவ்வளவு என்று அவன் சொல்லட்டும்.

வகுப்பாசிரியரையும் ஒருமுறை போய்ப் பாருங்கள். குறை சொல்லப் போனது மாதிரி இல்லாமல், அந்த மாங்காய்க் கணக்கையும் வாயால் சொன்ன விடையையும் காட்டிக் கதையுங்கள். வினாத்தாளில் 72ஐ மட்டும் பார்த்த ரீச்சருக்கு இது தெரிந்திருக்காது. மூன்றாம் தவணை முடியும் வரை ஒழுங்காகச் செய்தும் எழுத்துகள் பிடிபடாவிட்டால், வாசிப்பில் தனிச் சிரமம் இருக்கிறதா என்று வைத்தியரிடம் கேளுங்கள். அதற்குள் திரும்ப இங்கே எழுதுங்கள் பிள்ளை, எந்த எழுத்தில் நிற்கிறான் என்று பார்த்துச் சொல்கிறேன்.