மாமாவ திடீர்னு குடிக்க உடாம நிறுத்துனா ஏதாச்சும் ஆகுங்களா?

பல்லடத்துப் புள்ள:
எங்க தாய்மாமாவுக்கு 46 வயசுங்க, தறி ஓட்டறாரு. முன்னெல்லாம் சனிக்கிழம சம்பளம் வாங்குனா ஒரு கோட்டரு, அதோட சரி. கொரோனாவுக்கப்புறம் தெனமும்னு ஆகி இப்ப ஒரு ஆஃப் இல்லாம தூக்கமே வராதுங்கறாரு. காலைல கை நடுக்கம், டீ டம்ளரப் புடிச்சா பாதி சட்டைலதான் ஊத்துது, கடை தொறக்கறதே பன்னெண்டு மணிக்கு, அதுக்குள்ளயே பிளாக்ல ஒரு கட்டிங் வாங்கி ஊத்துனாத்தான் கை நிக்குது. அத்தை வர்ற அமாவாசைக்குக் கோயில்ல கயிறு கட்டிட்டு, தோட்டத்துச் சாளைல வெச்சு வெளிய உடாம பாத்துக்கலாம்ங்கறாங்க. பண்ணலாமுங்களா?

நர்ஸக்கா ஈரோடு:
அம்மணி, கயிறு கட்டுங்க வேண்டாங்கல, ஆனா சாளைல அடைச்சு மட்டும் வெச்சராதீங்க. காலைல கை நடுங்குதுன்னாலே ஒடம்பு சாராயத்துக்குப் பழகிருச்சுன்னு அர்த்தம். கோட்டர்ல 180 மில்லி, அதுல கிட்டத்தட்ட 60 கிராம் ஆல்கஹால், அவரு தெனம் குடிக்கறது அதுக்கு ரெண்டு மடங்கு. அத ஒரே நாள்ல நிறுத்துனா முதல் ரெண்டு நாளைக்குள்ள வலிப்பு வரலாம், ரெண்டு மூணு நாள்ல ஆளு நெலதடுமாறி இல்லாததெல்லாம் தெரியுதும்பாரு, வைத்தியம் பாக்காம உட்டா உசுருக்கே ஆபத்து. ஆஸ்பத்திரில சேத்தா அதுக்குன்னு மாத்திரை குடுத்து, அந்த மாத்திரையக் கொஞ்சங்கொஞ்சமா கொறைப்பாங்க, வைட்டமின் பி1 ஊசியும் போடுவாங்க.

கோபி தம்பி:
நர்ஸக்கா சொல்றது நெசமுங்க. எங்க பெரியப்பாவ இப்படித்தான் ஊட்ல வெச்சிருந்தாங்க, மூணாம் நாள் ராத்திரி செவுத்துல எறும்பு ஊருது ஊருதுன்னு துண்டால தட்டிட்டே இருந்தாரு, பேய் புடிச்சிருச்சுன்னு மந்திரிக்கக் கெளம்பிட்டாங்க, பக்கத்துத் தோட்டத்துக்காரருதான் கார எடுத்துட்டு வந்து ஆஸ்பத்திரில சேத்துனாரு. இப்ப நல்லா இருக்காருங்க.

திருப்பூர் அண்ணன்:
குடிய மறக்க வெக்கற பவுடர் விக்கறாங்களே, ரசத்துல கலந்து குடுத்தா அவருக்கே தெரியாதுல்லங்க?

நர்ஸக்கா ஈரோடு:
அண்ணா வேண்டவே வேண்டாங்க. பாதி பவுடர்ல என்ன கெடக்குன்னே தெரியாது. குடிச்சா ஒத்துக்காம பண்ற மாத்திரை ஒண்ணு இருக்குது, டைசல்ஃபிரம்னு, அத டாக்டர் குடுக்கறதே நோயாளிகிட்டச் சொல்லி, அவரு சம்மதிச்சப்புறந்தான். தெரியாம குடுத்து அதுக்கு மேல அவரு குடிச்சாருன்னா வாந்தி, நெஞ்சு படபடப்பு, பிரஷர் எறங்கி ஆளே போயிரலாம்.
அம்மணி, ஜிஎச்ல மனநலப் பிரிவுக்குக் கூட்டிட்டுப் போங்க, பைத்தியத்துக்குப் பாக்கற எடம்னு மாமா மொரண்டு புடிப்பாரு, கை நடுக்கத்துக்குக் காட்டலாம்னு சொல்லுங்க, அது பொய்யும் இல்ல. ஈரல் டெஸ்ட்டும் எடுக்கச் சொல்லுங்க. கொழுப்பு படிஞ்ச அளவோட இருந்தா குடிய உட்டாலே கொறஞ்சுரும், சுருங்கித் தழும்பாயிட்டா அப்பறம் பழையபடி ஆவாது. அதுக்கு முன்னாடி யாருகிட்டயாச்சும் பேசோணும்னா 14416னு கவர்மெண்ட்டு மனநல ஹெல்ப்லைன் நம்பர் இருக்குது, ராத்திரி எந்நேரமும் எடுப்பாங்க, தமிழ்லயே பேசலாம், காசில்ல.

பல்லடத்துப் புள்ள:
ரொம்ப நன்றிங்க்கா. பொழுதோட அத்தைகிட்டப் படிச்சுக் காட்டறேன். ஆஸ்பத்திரிக்குப் போற நாள் வரைக்கும் அவரு குடிக்கறத நாங்களா நிறுத்த வேண்டாம்ங்கறீங்ளா?

நர்ஸக்கா ஈரோடு:
ஆமாங்கண்ணு, நீங்களா நிறுத்தாதீங்க, ஆனா நாளத் தள்ளாதீங்க, நாளைக்கே கெளம்புங்க. நடுவுல வலிப்போ ஒளறலோ வந்தா ஒடனே 108.